சாமி சத்தியமா! கடவுள் பெயரை வீணாகச் சொல்வது பற்றி மதங்கள் என்ன சொல்கின்றன?

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குள் பென்சில் தகராறு வந்தாலே "சாமி சத்தியமா நான் எடுக்கல" என்று ஒரு குரல் எழும். கடைக்காரர் "ஆண்டவன் மேல ஆணையா சொல்றேன், இது அசல் விலை" என்பார். கால் இடறினால் "முருகா", "அல்லாவே", "ஏசப்பா" என்று வாய் தானாகவே கூப்பிடும். கோபம் தலைக்கேறினால் வேறு மாதிரி வார்த்தைகள் வரும். அவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். வீட்டில் பெரியவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்து "முதல்ல வாயைக் கழுவு" என்று அதட்டிவிடுவார்கள்.

மத நூல்கள் அப்படிச் சேர்த்துப் பார்ப்பதில்லை. கடவுளைச் சாட்சியாக வைத்துப் பொய் சொல்வது ஒன்று. அவர் பெயரை யோசனையே இல்லாமல் அசட்டையாக உச்சரிப்பது இன்னொன்று. ஆபாச வார்த்தையும் வசையும் வேறு வகை. கடவுளையே இழித்துப் பேசுவது, அதாவது தேவநிந்தை, அதுவும் தனியான விஷயம். இந்த நான்குக்கும் ஒரே எடை கிடையாது. படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான்: வேதங்கள் அதிகமாகக் கவலைப்பட்டது முதலாவதைப் பற்றி. நாமோ கெட்ட வார்த்தைக்குக் காதைப் பொத்திக்கொள்கிறோம், பொய்ச்சத்தியத்தைச் சிரித்துக்கொண்டே கடந்துபோகிறோம். எங்கே எப்படி இந்த எடை வைக்கப்பட்டது என்று பார்க்கலாம்.

சீனாய் மலைக் கட்டளை

யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இந்தப் பேச்சு பத்துக் கட்டளைகளில் தொடங்குகிறது. "உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக" என்று யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் 7-ஆம் வசனம் சொல்கிறது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இதை இரண்டாம் கட்டளை என்று எண்ணுகிறார்கள். யூதருக்கும் மற்ற பெரும்பாலான புராட்டஸ்டன்ட் சபைகளுக்கும் இது மூன்றாம் கட்டளை. எண்ணும் முறைதான் வேறு, கட்டளை ஒன்றே.

ஞாயிறு வகுப்பில் இதைச் சொல்லித்தரும்போது "சும்மா சும்மா கடவுள் பெயரைச் சொல்லக்கூடாது" என்ற அளவோடு நிறுத்திவிடுவது வழக்கம். அந்தக் காலத்து வாழ்க்கையை வைத்துப் பார்த்தால்தான் கட்டளையின் கனம் புரியும். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது, பதிவு அலுவலகம் கிடையாது. அதே யாத்திராகமத்தில் இரண்டு அதிகாரம் தள்ளி ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் தன் கழுதையையோ மாட்டையோ ஆட்டையோ அயலானிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுகிறான். அது செத்துப்போகிறது, இல்லை அடிபடுகிறது, இல்லை யாரோ ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். பார்த்த சாட்சி யாரும் இல்லை. என்ன செய்வது? பொறுப்பில் வைத்திருந்தவன் தான் அதில் கைவைக்கவில்லை என்று கர்த்தர்பேரில் ஆணையிட வேண்டும். மாட்டுக்காரன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், நஷ்டஈடு கேட்கக்கூடாது.

ஒரு ஏழையின் மாடு, அவன் பிழைப்பு முழுக்க, இன்னொருவன் சொல்லும் ஒரே ஆணையில் நிற்கிறது. அந்த ஆணையில் பொய் கலந்தால் அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. அதனால்தான் லேவியராகமம் 19:12 இதைப் பச்சையாகவே சொல்லிவிடுகிறது: என் பெயரைக் கொண்டு பொய்யாணை இடாதே, அப்படி இட்டால் உன் தேவனுடைய பெயரின் பரிசுத்தத்தைக் குலைக்கிறாய். திருட்டு, ஏமாற்று, கூலியை இரவு முழுக்கக் கொடுக்காமல் வைத்திருப்பது ஆகியவற்றுக்கு நடுவே இந்த வசனம் வருகிறது. அக்கம்பக்கத்துக் குற்றங்களைத் திருத்துகிற அதிகாரம் அது. கடவுளின் பெயர் அங்கே வருவதும் எளியவனைக் காப்பதற்காகத்தான்.

இந்தக் கட்டளை சீனாயில் ஒலித்த நேரத்தில் உலகம் முழுவதும் நடுங்கியது என்று யூத அறிஞர்களின் விளக்கங்களைத் தொகுத்த தல்மூத் சொல்கிறது. நீதிமன்றத்தில் ஆணையிட வருபவனிடம் இதைச் சொல்லி எச்சரிப்பார்கள். அப்புறம் வந்த தலைமுறைகளில் பக்தியுள்ள யூதர்கள் உண்மையான விஷயத்துக்குக்கூட ஆணையிடத் தயங்கினார்கள். இன்றைக்கும் "நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது கூடவே "பிலி நெதர்" என்று சேர்த்துக்கொள்வார்கள். இதை நேர்ச்சையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பது பொருள். வர முடியாமல் போனால் வாக்குத் தவறிய பாவம் சேரக்கூடாது என்ற கவலை.

அவசரத்தில் வாய்விட்டு நேர்ந்துகொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தாவின் கதை இருக்கிறது. போரில் வென்று திரும்பினால் வீட்டு வாசலில் முதலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொள்கிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு முதலில் ஓடிவந்தவள் அவனுடைய ஒரே மகள். படிக்கவே மனம் கனக்கும் அதிகாரம் அது. அந்த நேர்ச்சையை யாரும் அவனிடம் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை.

பெயரைச் சுற்றிப் போட்ட வேலி

பொய்யாணை கூடாது என்பதிலிருந்து, அந்தப் பெயரையே வாயால் சொல்லக்கூடாது என்ற நிலைக்கு யூத மரபு வந்து சேர்ந்தது. எபிரேயத்தில் நான்கு எழுத்துகளால் எழுதப்படும் கடவுளின் பெயரை, எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில், பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் அன்று தலைமைக் குரு உச்சரிப்பார். கேட்ட மக்கள் முகங்குப்புற விழுந்து வணங்குவார்கள் என்று மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கி.பி. 70-ல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தபின் அந்த வழக்கமும் நின்றுபோனது.

இப்போது ஜெபத்தில் அந்த நான்கு எழுத்து வரும் இடத்தில் "அதோனாய்", அதாவது என் ஆண்டவர், என்று வாசிக்கிறார்கள். சாதாரணப் பேச்சில் அதுவும் கிடையாது, "ஹாஷெம்" என்பார்கள். "அந்தப் பெயர்" என்று பொருள், அவ்வளவுதான். எபிரேய எண்களிலும் இந்தக் கவனம் தெரியும். அவர்கள் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்துபவர்கள். 15 என்பதைப் பத்தும் ஐந்துமாக எழுதினால் கடவுள் பெயரின் எழுத்துகள் சேர்ந்துவிடும். அதனால் ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள். 16-க்கும் அப்படித்தான், ஒன்பதும் ஏழும். காலண்டரில் தேதி எழுதும்போதுகூட இந்தப் பணிவு விடாமல் தொடர்வதை நினைத்தால் எனக்கு மதிப்பு கூடுகிறது.

கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடவும் கூடாது. கிழிந்த வேதச் சுருளையும் பழைய ஜெபப் புத்தகத்தையும் "கெனிசா" என்ற அறையில் சேர்த்துவைத்துப் பின்னால் மண்ணில் புதைப்பார்கள். எகிப்தில் கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் இருந்த கெனிசாவில் பல நூற்றாண்டுத் தாள்கள் அப்படியே தங்கிவிட்டன. 1896-97-ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அதைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் சுமார் 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. கடைக் கணக்கு, கல்யாண ஒப்பந்தம், கடிதம் எல்லாம் அதில் உண்டு. இந்தியாவோடு மிளகு வியாபாரம் செய்த யூத வணிகர்களின் கடிதங்களும் அதிலிருந்து கிடைத்தன. ஒரு பெயரின் மேல் வைத்த மரியாதை ஒரு காலத்தின் வாழ்க்கையையே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

தமிழ் பைபிள் வாசிப்பவர்களும் இந்த மரபைத் தெரியாமலே தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த நான்கு எழுத்து வரும் இடங்களில் பெரும்பாலும் "கர்த்தர்" அல்லது "ஆண்டவர்" என்றுதான் அச்சாகியிருக்கும். 2008-ல் வத்திக்கானும் திருப்பலிப் பாடல்களிலும் மன்றாட்டுகளிலும் அந்த எபிரேயப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று ஆயர்களுக்கு எழுதியது.

ஆணையே வேண்டாம் என்றவர்கள்

இயேசு இன்னும் ஒரு படி மேலே போனார். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், வானத்தின்பேரிலும் வேண்டாம், பூமியின்பேரிலும் வேண்டாம், உன் தலையின்பேரிலும் வேண்டாம் என்கிறார். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பது அவர் தந்த மாற்று. இதை ஏன் சொன்னார் என்பது 23-ஆம் அதிகாரத்தில் விளங்குகிறது. ஆலயத்தின்பேரில் ஆணையிட்டால் கட்டுப்படுத்தாது, ஆலயத்தின் பொன்மேல் ஆணையிட்டால்தான் கட்டுப்படுத்தும் என்று சிலர் நுணுக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆணையிலேயே தப்பிக்க ஒரு சந்து வைத்துக்கொள்வது. "குருடரே" என்று அவர்களை அவர் கண்டித்தது அதற்காகத்தான்.

நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யலாமா என்பதில் சபைகள் பிரிந்தன. கத்தோலிக்க, லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் தக்க காரணத்தோடு, உண்மைக்காகச் செய்யலாம் என்றன. மெனோனைட்டுகள், குவேக்கர்கள் என்ற சிறிய கிறிஸ்தவக் குழுவினர் கூடாது என்றால் கூடாதுதான் என்று நின்றார்கள். குவேக்கர்களின் வாதம் எளிமையானது: ஆணையிட்டால் உண்மை பேசுவேன் என்று நான் ஒத்துக்கொண்டால், மற்ற நேரத்தில் நான் பேசுவது என்ன? இங்கிலாந்தில் 1662-ல் வந்த சட்டம் அரச ஆணைப்பிரமாணத்தை மறுத்த குவேக்கர்களைத் தண்டித்தது. அவர்களுடைய முன்னோடி ஜார்ஜ் ஃபாக்ஸ் உட்படப் பலர் இதற்காகச் சிறையில் கிடந்தார்கள். 1690-களில்தான் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி சொல்ல அவர்களுக்குச் சட்டம் வழிவிட்டது. 1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, ஆணையோ உறுதிமொழியோ எது வேண்டுமானாலும் சொல்லலாம் என்று தொடக்கத்திலேயே இடம் கொடுத்தது.

பக்தியால் மறுத்தவர்கள் திறந்த கதவு வழியாகப் பிறகு கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வந்தார்கள். சார்ல்ஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பதவிப்பிரமாணச் சிக்கலில் 1886 வரை அவரால் முறையாக இருக்கையில் அமர முடியவில்லை. அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த 1888 சட்டம் எல்லாருக்கும் உறுதிமொழி உரிமையைத் தந்தது.

இந்தியாவில் இப்போது நடப்பிலுள்ளது 1969-ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம். சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம், இல்லையென்றால் உறுதிமொழி சொல்லலாம். சினிமாவில் வருவது போலப் பகவத்கீதையில் கைவைக்கச் சொல்வது அந்தச் சட்டத்தில் இல்லை. பதவியேற்பு விழாக்களில் ஒருவர் "ஆண்டவன் மீது ஆணையாக" என்பதும் அடுத்தவர் "உளமார உறுதி கூறுகிறேன்" என்பதும் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை தரும் அதே சுதந்திரம்தான்.

சரி, கெட்ட வார்த்தை?

வேதங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டன என்று சொல்லவில்லை. "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" என்று எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்கிறார். துதிப்பதும் சபிப்பதும் ஒரே வாயிலிருந்து வருகிறதே என்று யாக்கோபு வருத்தப்படுகிறார். பௌத்தத்தில் படைத்த கடவுள் என்ற பேச்சே இல்லை, அதனால் பெயரை வீணாக்குவது என்ற கேள்வியும் அங்கே எழவில்லை. ஆனால் பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு நான்கையும் விலக்குவதே நல்வாய்மொழி என்கிறது. இங்கெல்லாம் அளவுகோல், கேட்பவருக்கு அந்தச் சொல் என்ன செய்கிறது என்பதுதான்.

எந்த வார்த்தை கெட்ட வார்த்தை என்பது ஊருக்கு ஊர் மாறும். தமிழில் வசை பெரும்பாலும் தாயை, உடலை, சாதியைக் குறிவைக்கும். சாமி பெயர் வசையாகிற வழக்கம் நம்மிடம் குறைவு. கனடாவின் கியூபெக்கில் நேர்மாறு. அங்கே பிரெஞ்சு பேசுபவர்களின் மிகக் கடுமையான வசைகள் நற்கருணைப் பேழை, திருவிருந்துக் கிண்ணம், நற்கருணை அப்பம் ஆகியவற்றின் பெயர்கள். நீண்ட காலம் பள்ளி, மருத்துவமனை என்று வாழ்க்கை முழுவதும் திருச்சபையின் கைக்குள் இருந்த மண் அது. எது அதிகப் புனிதமாக உயர்த்தப்பட்டதோ அதுவே கோபத்தில் உடைக்கிற பாத்திரமானது.

இத்தாலியில் கடவுளைப் பொதுஇடத்தில் வைவது 1999 வரை குற்றவியல் குற்றம். இன்றைக்கும் அபராதம் உண்டு. கால்பந்து லீகில் மைதான ஒலிவாங்கியில் அந்த வார்த்தை பதிவாகி வீரர்கள் ஒரு ஆட்டத் தடை வாங்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1606-ல் வந்த சட்டம், நாடக மேடையில் கடவுள், கிறிஸ்து, பரிசுத்த ஆவி பெயர்களை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்றது. அன்றைக்கு அது பெரிய தொகை. நாடகக்காரர்கள் கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயரை வைத்துச் சமாளித்தார்கள்.

தேவநிந்தைச் சட்டங்களின் வரலாறு இதைவிட இருட்டானது. 1697 ஜனவரியில் எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனைத் தூக்கிலிட்டார்கள். நண்பர்களிடம் வேதத்தைக் கிண்டலடித்துப் பேசினான் என்பது குற்றச்சாட்டு. கடவுளின் மரியாதையைக் காப்பதாகச் சொல்லி ஒரு பையனின் உயிரை எடுத்தவர்களும் அந்தப் பெயரை வீணாகத்தான் பயன்படுத்தினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இஸ்லாம் வைத்த ஒழுங்கு

இஸ்லாம் ஆணையைத் தடைசெய்யவில்லை, ஒழுங்குபடுத்தியது. ஆணையிடுபவர் அல்லாஹ்வின் பெயரால் மட்டும் ஆணையிடட்டும், இல்லையேல் வாய்மூடி இருக்கட்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாக்கு. அரபுகள் தங்கள் தகப்பன்மார் பெயரால் சத்தியம் செய்துகொண்டிருந்ததை இது நிறுத்தியது. நம்மூரில் சர்வசாதாரணமான "அம்மா மேல சத்தியம்", "புள்ள தலையில அடிச்சு சத்தியம்" இரண்டுக்கும் அங்கே இடமில்லை.

ஆணைகளை அது வகை பிரித்தும் பார்க்கிறது. மனதில் நோக்கமில்லாமல் பேச்சுவாக்கில் வந்துவிடும் "வல்லாஹி" (அல்லாஹ்வின் மேல் ஆணை) என்பதற்கு இறைவன் உங்களைக் குற்றம்பிடிக்க மாட்டான் என்று திருக்குர்ஆன் 2:225 ஆறுதல் சொல்கிறது. உறுதியாக நினைத்துச் செய்த சத்தியத்தை முறித்தால் பரிகாரம் உண்டு. தெரிந்தே பொய்ச்சத்தியம் செய்து அடுத்தவர் பொருளை எடுத்துக்கொள்வதோ பெரும்பாவங்களில் ஒன்று. வியாபாரத்தில் சத்தியம் செய்தால் சரக்கு விற்றுப்போகும், பரக்கத், அதாவது இறையருள் தரும் வளம், போய்விடும் என்று ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி, உண்டு. "ஆண்டவன் மேல ஆணையா அசல் விலை" என்கிற கடைக்காரருக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

எல்லாரும் படிக்க வேண்டிய வசனம் 6:108. அல்லாஹ் அல்லாதவற்றை வணங்குபவர்களின் தெய்வங்களைத் திட்டாதீர்கள், அவர்கள் பதிலுக்கு அறியாமையால் அல்லாஹ்வைத் திட்டுவார்கள் என்கிறது. பெற்றோரைப் பற்றியும் இதே போக்கில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. தன் பெற்றோரைத் தானே எவன் திட்டுவான் என்று தோழர்கள் கேட்டபோது, ஒருவன் இன்னொருவனின் தந்தையைத் திட்ட, அவன் திருப்பி இவனுடைய தந்தையைத் திட்டுவான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். வசையைத் தொடங்கியவன் தலையில்தான் இரண்டு வசையும் ஏறுகின்றன.

திட்டினால் பாட்டு, பொய்த்தால் கண்

இந்து மரபுக்குள் வந்தால் காற்று வேறு திசையில் அடிக்கிறது. இங்கே பெயரைச் சொல்லாமல் காப்பதைவிடச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் வழி. பாகவத புராணத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் அஜாமிளன் கதை வருகிறது. கெட்டு வாழ்ந்தவன் சாகும் நேரத்தில் யமதூதர்களைக் கண்டு பயந்து, "நாராயணா" என்று தன் கடைசி மகனைக் கூப்பிடுகிறான். விஷ்ணு தூதர்கள் வந்து காப்பாற்றுகிறார்கள். வேறொருவரைக் குறித்தோ, கேலியாகவோ, பாட்டில் இட்டு நிரப்பவோ, அலட்சியமாகவோ சொன்னால்கூட அந்தப் பெயர் பாவத்தைப் போக்கும் என்று அங்கே சொல்லப்படுகிறது. இடறும்போது "முருகா" என்பதை யாரும் குற்றமாக நினைக்காததும், பிள்ளைகளுக்குச் சாமி பெயர் வைத்து நாள் முழுக்கக் கூப்பிடுவதும் இந்த எண்ணத்திலிருந்து வருபவை.

அதற்காகக் கட்டுப்பாடே இல்லையா? இருக்கிறது. வங்காளத்தில் சைதன்யர் வழிவந்த கௌடீய வைணவர்கள் நாம அபராதம் என்று பத்துக் குற்றங்களைச் சொல்வார்கள். பெயரைச் சொன்னால் பாவம் போய்விடும் என்ற தைரியத்திலேயே பாவம் செய்வது அவற்றில் ஒன்று. கேலியைப் பொறுக்கிற மரபு, பெயரைக் கேடயமாக வைத்துத் தவறு செய்வதைப் பொறுக்கவில்லை.

இதைச் சுந்தரர் வரலாற்றைவிடத் தெளிவாக வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. பெரியபுராணம் சொல்லும் கதை. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கவிருந்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அவரைப் பித்தனா என்று ஏசுகிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வழக்கு நடக்கிறது, சுந்தரர் தோற்கிறார். கிழவர் கோயிலுக்குள் போய் மறைந்த பிறகுதான் வந்தவர் சிவபெருமான் என்று தெரிகிறது. தண்டனை என்ன? என்னிடம் வன்மை பேசி வன்தொண்டன் என்று பெயர் பெற்றாய், எனக்கு அர்ச்சனை பாட்டுத்தான், என்னைப் பித்தன் என்றாயே, அப்படியே பாடு என்கிறார். "பித்தா பிறைசூடி" பிறக்கிறது. கடவுளைப் பைத்தியம் என்று திட்டிய சொல்லே சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல்லாகிறது.

அதே சுந்தரர் பிற்பாடு திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கிறார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் கேட்கிறார்கள். கோயிலுக்குள் சத்தியம் செய்யப் போகும் நேரத்தில் நீர் அங்கே இல்லாமல் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே முன்கூட்டி ஏற்பாடு செய்துகொள்கிறார். மத்தேயுவில் ஆலயத்தின் பொன் என்று பேசியவர்கள் தேடிய அதே சந்து. இறைவன் சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழின் கீழே சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம் செய்கிறார். கொஞ்ச காலத்தில் திருவாரூர் நினைவு வாட்ட, ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்ணும் போய்விடுகின்றன.

சுந்தரரைத் தன் தோழனாகவே ஏற்றவர் சிவன். ஆனால் தோழன் என்றும் பார்க்கவில்லை. ஏசியதை ஏற்றுக்கொண்ட அதே சிவன், ஒரு பெண்ணுக்குத் தன் சந்நிதியில் கொடுத்த வாக்கை உடைத்ததை விடவில்லை. காஞ்சிபுரத்தில் இடக்கண் கிடைக்கிறது, திருவாரூரில் வலக்கண். இடையில் அவர் பாடிய பதிகங்களில் கெஞ்சல் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. எங்களை இப்படி அலையவிட்டு நீர் மட்டும் "வாழ்ந்து போதீரே" என்று திருவாரூரில் கேட்கிறார். நல்லா இரும் என்று மனம் வெந்து சொல்வோமே, அது. அந்தப் பதிகமும் இன்றைக்குக் கோயிலில் ஓதப்படுகிறது. திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தச் சத்தியத்தை இன்னமும் நடத்திக் காட்டுகிறார்கள்.

வேதனையில் கடவுளிடம் சண்டை போடுவதை நிந்தையாக எண்ணாத இந்தப் பெரிய மனம் பைபிளிலும் உண்டு. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபு, தான் பிறந்த நாளையே சபிக்கிறார், கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். கடவுளுக்குப் பரிந்துபேசிய நண்பர்கள் மூவரும் பக்தியாகத்தான் பேசினார்கள். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியானதைப் பேசவில்லை என்று கோபித்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரி வராந்தாவில் "கடவுளே, உனக்குக் கண்ணே இல்லையா" என்று அழுகிற தாயை யாரும் அதட்ட வேண்டியதில்லை.

வாய் தவறிவிட்டால்

தொடக்கத்தில் இருப்பவர்கள் கேட்கும் நடைமுறைக் கேள்வி இது. யூத மரபில், தேவையில்லாமல் கடவுள் பெயரோடு ஆசீர்வாத வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், உடனே "அவருடைய மகிமையான அரசின் பெயர் என்றென்றும் போற்றப்படுக" என்ற பொருளுள்ள வரியைச் சொல்கிறார்கள். யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் கோல் நித்ரே என்ற வாசகத்தை ஓதி, கடவுளிடம் செய்து நிறைவேற்ற முடியாமல் போகும் நேர்ச்சைகளிலிருந்து விடுதலை கேட்கிறார்கள். அடுத்த மனிதனுக்குக் கொடுத்த வாக்கையும் கடனையும் அது தள்ளுபடி செய்யாது. கத்தோலிக்கர்களுக்கு, குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. கோயில் பூஜை முடியும்போது மந்திரத்தில், செயலில், பக்தியில் குறைந்ததைப் பொறுத்தருளச் சொல்லி வேண்டும் சுலோகம் உண்டு.

இஸ்லாத்தில் கணக்குத் தெளிவு. முறித்த சத்தியத்துக்குப் பரிகாரமாக, உங்கள் வீட்டில் சாப்பிடும் நடுத்தரமான சாப்பாட்டைப் பத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது அவர்களுக்கு உடை கொடுக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும். எதற்கும் வசதியில்லாதவர் மூன்று நாள் நோன்பிருக்க வேண்டும். தெரிந்தே செய்த பொய்ச்சத்தியத்தில் இன்னொருவர் பொருள் நம் கையில் வந்திருந்தால், எத்தனை தவ்பா, அதாவது பாவமன்னிப்பு வேண்டல், செய்தாலும் முதலில் அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.